போரின் நடுவே சட்டம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கொல்வதே போரின் தொழில். அதில் இன்னாரைக் கொல்லலாம், இன்னாரைக் கொல்லக்கூடாது என்று விதி எழுதிவைப்பது கேலிக்கூத்தாகத் தெரியவில்லையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை

பதில்: உங்கள் கேள்வியில் இரண்டு சட்டங்கள் கலந்து கிடக்கின்றன. ஒரு நாடு போர் தொடுக்கலாமா கூடாதா என்பது ஐ.நா. சாசனத்தின் பாற்பட்டது. தொடங்கிவிட்ட போரில் யாரைத் தாக்கலாம், எதைக் கொண்டு தாக்கலாம், பிடிபட்டவரை எப்படி நடத்த வேண்டும் என்பவற்றை மட்டுமே பன்னாட்டு மனிதநேயச் சட்டம் கவனிக்கிறது. போரை முதலில் தொடங்கியவர் யார் என்று அது கேட்பதே இல்லை. படையெடுத்து வந்தவனுக்கும் மண்ணைக் காக்க நின்றவனுக்கும் ஒரே விதிதான். இது பலருக்குக் கசப்பாக இருக்கும் என்பதை அறிவேன். ஆனால் நியாயம் தன் பக்கம் இல்லை என்று ஒப்புக்கொண்டு போருக்குப் போன அரசு உலகில் எது? நியாயம் உள்ளவருக்கு ஒரு விதி, இல்லாதவருக்கு வேறு விதி என்று வைத்தால், அந்தச் சட்டம் முதல் நாளிலேயே செத்துவிடும்.

இந்தச் சட்டம் பிறந்த இடத்தைப் பார்த்தாலே இது விளங்கும். 1859 ஜூன் 24 அன்று வட இத்தாலியின் சோல்ஃபெரினோவில் நடந்த போருக்குப் பிறகு, சொந்த வியாபாரக் காரியமாக அங்கே வந்திருந்த ஹென்றி துனான் என்ற ஜெனீவாக்காரர், பக்கத்து ஊரான காஸ்திலியோனேயின் தேவாலயத்தில் காயம்பட்டவர்கள் குவிந்து கிடந்ததைக் கண்டார். ஊர்ப் பெண்கள் எந்தப் படையின் சீருடை என்று பாராமல் எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்துக் கட்டுப் போட்டார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1864 ஆகஸ்டு 22 அன்று, 12 நாடுகள் கையெழுத்திட்ட முதல் ஜெனீவா உடன்படிக்கையில் இருந்தவை பத்தே பிரிவுகள். போரை நிறுத்துவதாக அது எந்த வாக்குறுதியும் தரவில்லை. விழுந்து கிடப்பவன் இனிப் பகைவன் அல்லன் என்றது, அவ்வளவுதான்.

கேள்வி: 2019இல் விங் கமாண்டர் அபிநந்தன் பாகிஸ்தானில் பிடிபட்டபோது இரு நாடுகளும் போர் அறிவிக்கவில்லை. அப்படியிருக்க அவர் எப்படிப் போர்க்கைதி ஆவார்? தேநீர் கொடுத்து மரியாதையாக நடத்திய காணொளியில் என்ன குற்றம்?
– கல்லூரி மாணவி, தாம்பரம்

பதில்: போர் அறிவிப்பு என்ற சடங்கை 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் பொருட்படுத்துவதில்லை. நான்கு உடன்படிக்கைகளுக்கும் பொதுவான இரண்டாம் பிரிவின்படி, இரு நாடுகளுக்கிடையே ஆயுத மோதல் நிகழ்ந்தாலே போதும். அதைப் போர் என்று ஒரு தரப்பு ஏற்க மறுத்தாலும் உடன்படிக்கைகள் செயலுக்கு வந்துவிடும். ஆகவே பிப்ரவரி 27 அன்று மிக்-21 விமானத்திலிருந்து குதித்து எதிர்ப்படையின் கையில் சிக்கிய கணத்திலிருந்தே அவர் போர்க்கைதி.

இனிக் காணொளிக்கு வருவோம். அன்று ஒன்றுக்கு மேற்பட்ட காணொளிகள் வந்தன. ஒன்றில் கண்கள் கட்டப்பட்டு, முகத்தில் இரத்தத்துடன், தம் பெயர், பதவி, பணி எண் ஆகியவற்றைச் சொல்கிறார். மற்றொன்றில் கையில் தேநீர்க் கோப்பை; எந்த விமானத்தில் வந்தீர்கள் என்று கேட்கும்போது, அதை நான் சொல்லக் கூடாது என்று நிதானமாக மறுக்கிறார். போர்க்கைதிகளுக்கான மூன்றாம் உடன்படிக்கையின் 17ஆம் பிரிவு கைதியிடம் கட்டாயமாகக் கேட்பது பெயர், பதவி, பிறந்த தேதி, படை எண் ஆகியவற்றை மட்டுமே. மற்றவற்றைச் சொல்லச்சொல்லி அவரை வதைக்கவோ மிரட்டவோ கூடாது. அந்தத் தேநீர் மேசையில் அவர் அந்தப் பிரிவை வரி பிசகாமல் பின்பற்றினார் என்றே சொல்ல வேண்டும்.

குற்றம் 13ஆம் பிரிவில் இருக்கிறது. வன்முறை, மிரட்டல் ஆகியவற்றிலிருந்து மட்டுமல்லாமல், அவமதிப்பிலிருந்தும் பொதுமக்களின் வேடிக்கைப் பார்வையிலிருந்தும் கைதியைக் காக்கும்படி அது சிறைப்பிடித்த நாட்டுக்குக் கட்டளையிடுகிறது. எனவே தேநீர் சூடாக இருந்ததா, உபசரிப்பு நன்றாக இருந்ததா என்பவை இங்கே எழும் கேள்விகளே அல்ல. கைதியைக் காட்சிப்பொருள் ஆக்கியதே மீறல். அதே காட்சிகளை நம் வீட்டுத் தொலைக்காட்சிகளும் நாள் முழுக்கச் சுழலவிட்டன என்பதையும் மறந்துவிடக் கூடாது.

மார்ச் 1 அன்று அவர் வாகா எல்லையில் ஒப்படைக்கப்பட்டதைப் பாகிஸ்தான் சமாதான நல்லெண்ணம் என்று அறிவித்தது. ஆனால் சண்டை ஓய்ந்ததும் கைதிகளைத் தாமதமின்றி விடுவிப்பது 118ஆம் பிரிவு விதிக்கும் கடமை. இதே பிரிவை நம் பக்கமும் திருப்பிப் பார்ப்பதுதான் நேர்மை: 1971 டிசம்பர் 16 அன்று டாக்காவில் சரணடைந்து இந்தியாவின் காவலுக்கு வந்த ஏறத்தாழ 93,000 பேரைத் திருப்பி அனுப்பும் வேலை 1974 ஏப்ரலில்தான் முடிந்தது. இந்திய, வங்கதேசக் கூட்டுப் படையிடம் அவர்கள் சரணடைந்ததால் வங்கதேசத்தின் இசைவும் வேண்டும் என்பது அப்போது இந்தியா சொன்ன காரணம். தாமதமின்றி என்ற சொல்லுக்குள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அடங்குமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

கேள்வி: போருக்கு முன் பெண்களையும் நோயாளிகளையும் விலகச் சொன்ன பாண்டியனைப் புறநானூறு பாடுகிறது. அப்படியானால் ஜெனீவாவுக்கு முன்பே நம்மிடம் இந்தச் சட்டம் இருந்தது என்று கொள்ளலாம் அல்லவா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: நீங்கள் சொல்வது நெட்டிமையார் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய ஒன்பதாம் பாட்டு. பசுக்கள், பசுவின் இயல்புடைய பார்ப்பனர், பெண்டிர், பிணியுடையோர், புதல்வரைப் பெறாதோர் ஆகியோரைப் பார்த்து, ‘எம்அம்பு கடிவிடுதும் நும்அரண் சேர்மின்’ (எம் அம்புகளை விரைந்து விடப்போகிறோம், உங்களுக்குக் காவலான இடம் சேருங்கள்) என்று அறிவித்துவிட்டுத் தாக்குவது அந்த அரசனின் அறநெறி என்கிறார் புலவர். போரில் ஈடுபடாத குடிமக்களைப் பாதிக்கக்கூடிய தாக்குதலுக்கு முன் பயனுள்ள எச்சரிக்கை தர வேண்டும் என்று, ஜெனீவா உடன்படிக்கைகளோடு சேர்க்கப்பட்ட 1977ஆம் ஆண்டின் முதலாம் கூடுதல் நெறிமுறை 57ஆம் பிரிவில் சொல்வதற்கு இது வியக்கத்தக்க அளவு நெருக்கமானது.

ஆனால் அதே புலவர் அதே அரசனைப் பாடிய பதினைந்தாம் பாட்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். பகைவரின் கோட்டைக்குள் கழுதைகளைப் பூட்டி உழுது பாழாக்கினாய். பறவைகள் ஒலிக்கும் விளைவயல்களில் குதிரைகள் பாயத் தேரோட்டினாய். அவர்கள் காவல் வைத்துக் காத்த குளங்களில் உன் யானைகளைப் படியவிட்டாய் என்று அங்கே வருவதும் புகழ்ச்சிதான். பயிரையும் குடிநீரையும் அழித்து மக்களின் பிழைப்பைக் கெடுப்பதை இன்று அதே நெறிமுறையின் 54ஆம் பிரிவு தடுக்கிறது. ஒன்பதாம் பாட்டை மேடையில் முழங்குபவர்கள் பதினைந்தைத் தொடுவதில்லை.

அதோடு, அன்றைய எச்சரிக்கை அரசனின் பெருமை. அவன் சொல்லாமல் தாக்கியிருந்தால் கேட்க ஆளில்லை. இன்றைய எச்சரிக்கை கடமை, அதுவும் கடமையின் ஒரு பகுதியே. அறிவித்த பிறகும் வெளியேறாமல் இருப்பவர், நடக்க முடியாத முதியவராக இருந்தாலும் வீட்டை விட்டுப் போக மனமில்லாதவராக இருந்தாலும், குடிமகனாகவே நீடிக்கிறார். ‘முன்பே சொல்லிவிட்டோம்’ என்ற வாதம் அவரை இலக்காக்கிவிடாது. இந்தியா இந்த நெறிமுறையில் இதுவரை சேரவில்லை. ஆயினும் குடிமகனையும் படைவீரனையும் பிரித்தறிய வேண்டும் என்ற அடிப்படை விதி வழக்காற்றுச் சட்டமாக, அதாவது நாடுகளின் நெடுநாள் நடைமுறையால் உருவான சட்டமாக, எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்துகிறது.

கேள்வி: மருத்துவமனைக்குள் ஆயுதம் தாங்கியவர்கள் பதுங்கினால் அதைத் தாக்கலாமா?
– செவிலியர், மதுரை

பதில்: பகைவருக்குத் தீங்கு செய்யும் செயலுக்கு மருத்துவமனை பயன்படுத்தப்பட்டால் மட்டுமே அது பாதுகாப்பை இழக்கிறது, அப்போதும் முதலில் எச்சரித்து, பொருத்தமான சூழல்களில் நியாயமான கால அவகாசம் கொடுத்து, அது வீணான பிறகே தாக்கலாம். காயம்பட்ட போராளிகள் அங்கே சிகிச்சை பெறுவதோ, அவர்களிடமிருந்து வாங்கி வைத்த துப்பாக்கிகள் ஒரு மூலையில் கிடப்பதோ தீங்கான செயலாகாது என்று குடிமக்களின் பாதுகாப்புக்கான நான்காம் உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. பாதுகாப்பு போன பிறகும் உள்ளே இருக்கும் நோயாளிகளின் உயிரை எடைபோட்டுப் பார்க்கும் கடமை போய்விடுவதில்லை.

2015 அக்டோபர் 3 அன்று ஆப்கானிஸ்தானின் குந்தூஸ் நகரில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் மருத்துவமனையை அமெரிக்கப் போர்விமானம் தாக்கியதில் 42 பேர் இறந்தார்கள். மருத்துவமனையின் இருப்பிடக் குறிப்புகளை அந்த அமைப்பு முன்னதாகவே எல்லாத் தரப்புக்கும் கொடுத்திருந்தது. விமானத்துக்குத் தரப்பட்ட இலக்கின் எண்கள் ஒரு வெற்றுவெளியைக் காட்டின. உடனே விமானக் குழு, வாய்மொழி வருணனைக்கு ஒத்துவரும் கட்டடத்தைக் கண்ணால் தேடி, மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்தது. வேண்டுமென்றே செய்யாததால் இது போர்க்குற்றம் ஆகாது என்று அமெரிக்க ராணுவ விசாரணை முடிவுகட்டியது. 16 பேர் மீது துறைசார்ந்த நடவடிக்கை மட்டுமே எடுக்கப்பட்டது. ஐயம் எழுந்தால் குடிமக்களின் கட்டடம் என்றே கொள்ள வேண்டும் என்பது விதி. வெற்றுவெளியைக் கண்ட அந்த நிமிடத்தை விட ஐயத்துக்கு வேறு என்ன சான்று வேண்டும்?

கேள்வி: மருத்துவர்களின் காரில் சிவப்பு ப்ளஸ் குறி ஒட்டுவது தவறு என்கிறார்களே?
– கார் ஓட்டுநர், ஈரோடு

பதில்: வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவையாக இருந்தால் தவறுதான். அது மருத்துவத் தொழிலின் சின்னம் அன்று. போர்க்களத்தில் ‘சுடாதே’ என்று சொல்லும் சின்னம். இந்தியாவின் 1960ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டம் அனுமதியின்றி அதைப் பயன்படுத்துவதைத் தடுத்து, 500 ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. அந்தத் தொகைக்கு அஞ்சி ஒட்டுச்சீட்டைக் கிழித்தவர் எவரையும் நான் கண்டதில்லை. ஆனால் 2008 ஜூலையில் கொலம்பியாவில் பிணைக்கைதிகளை மீட்கச் சென்ற ஒரு வீரர் செஞ்சிலுவைச் சின்னம் அணிந்திருந்தது வெளிப்பட்டபோது, மீட்பு முழு வெற்றி பெற்றிருந்தும், அதிபர் உரிபே செஞ்சிலுவைச் சங்கத்திடம் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அடுத்த முறை அந்தச் சின்னத்தோடு வருபவர் உண்மையிலேயே மருந்துப் பெட்டியோடு வரக்கூடும் அல்லவா? உங்கள் மருத்துவரின் காருக்கு வேறு சின்னம் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.