கிருமி தண்ணி காட்டுவதைப் படித்தால் வேலை கிடைக்குமா?

உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலுக்குக் கிருமிகள் எப்படித் தண்ணி காட்டுகின்றன என்பதைத்தான் படிக்கப்போவதாக உங்கள் மகள் பிடிவாதமாக நிற்கிறாள். வேலை கிடைக்குமா, கிருமியோடு புழங்குவது ஆபத்தா என்று கேட்கிறீர்கள்.

ஆபத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆய்வகப் பாதுகாப்பில் 4 நிலைகள் உண்டு. இளநிலை மாணவர்கள் பெரும்பாலும் 1-ஆம் நிலையில்தான் வேலை செய்வார்கள்; கண்காணிப்போடு 2-ஆம் நிலைக்கும் போகலாம். காசநோய்க் கிருமியை வளர்க்க 3-ஆம் நிலை ஆய்வகம் வேண்டும். தனிப்பயிற்சி இல்லாமல் அதற்குள் விடமாட்டார்கள்.

வேலைக்கு ஓர் உதாரணம் போதும். ஆன்டிபாடி என்பது கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம். அது இரு கைகளால் கிருமியைப் பிடிக்கும். வெளியே நீட்டியிருக்கும் அதன் வாலைப் பற்றித்தான் வெள்ளையணு கிருமியை விழுங்கும். ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவின் மேற்பரப்பிலுள்ள 'புரோட்டீன் ஏ' அந்த வாலையே கவ்விக்கொள்கிறது. ஆன்டிபாடி தலைகீழாக ஒட்டுவதால் வெள்ளையணுவுக்குப் பிடி இல்லை. இதே புரதத்தைச் சிறு மணிகளில் ஏற்றி, ஆன்டிபாடி மருந்துகளைச் சுத்திகரிக்கிறார்கள். பிஎச் (அமிலத்தன்மையின் அளவு; குறையக் குறைய அமிலம் கூடும்) 7-இல் ஆன்டிபாடி மணியில் ஒட்டும், கசடு ஓடிவிடும். பிஎச் 3 முதல் 3.5-க்கு இறக்கினால் ஆன்டிபாடி கழன்று வரும். அந்த அமிலத்தில் சில வகை வைரஸ்கள் செயலிழக்கும் என்பதால் தொழிற்சாலையில் சிறிது நேரம் நிறுத்தியும் வைப்பார்கள். நேரம் மிஞ்சினால் ஆன்டிபாடிகள் திரண்டு மருந்து பாழாகும். அந்த நேரத்தைக் கணிப்பதும் சரிபார்ப்பதும் சம்பளத்துக்குரிய வேலைகள்தான்.

இதே புரதம் ஆய்வகத்தில் காலை வாரியும் விடும். புரதங்களைப் பிரித்து, வேண்டியதை ஆன்டிபாடியால் தேடும் சோதனைக்கு வெஸ்டர்ன் பிளாட் என்று பெயர். இந்தப் பாக்டீரியாவை அப்படிச் சோதித்தால், பல வகை ஆன்டிபாடிகளில் எதைப் போட்டாலும் ஒரு பட்டை தெரியும். தேடிய புரதம் கிடைத்துவிட்டதென்று மாணவர்கள் துள்ளுவார்கள். புரோட்டீன் ஏ மரபணு நீக்கிய பாக்டீரியாவையோ, அதில் ஒட்டாத கோழி ஆன்டிபாடியையோ வைத்துச் சரிபார்ப்பவர்தான் வேலைக்கு ஆவார்.

ஆகவே கிருமிப் பட்டியலை மனப்பாடம் செய்யவேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். உடலின் எதிர்ப்பில் எந்தப் படி முறிகிறது என்று கேட்டுப் படிக்கட்டும். நிமோனியா உண்டாக்கும் நிமோகாக்கஸ் பாக்டீரியா சர்க்கரை உறை போர்த்தி விழுங்கப்படாமல் தப்புகிறது. உறையில் 100 வகைக்கு மேல் இருப்பதால்தான் தடுப்பூசியில் வகைகளைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கிறார்கள். காசநோய்க் கிருமியோ விழுங்கப்பட்ட பிறகு, தான் அடைபட்ட பையோடு வெள்ளையணுவின் செரிக்கும் பை இணையாமல் தடுக்கிறது. தூக்க நோயை உண்டாக்கும் டிரிப்பனோசோம் ஒட்டுண்ணி தன் மேற்பூச்சுப் புரதத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறது. அதற்கு இன்னும் தடுப்பூசி இல்லை.

இளநிலைப் பட்டம் மட்டும் இருந்தால் பெரும்பாலும் தரக்கட்டுப்பாடு, நோயறிதல் ஆய்வகம் என்ற அளவில் நிற்கும். சொந்தமாக ஆராய்ச்சி நடத்த முனைவர் பட்டம் வேண்டும். அதற்கு வருடங்கள் பிடிக்கும், முதலிலேயே பேசிவிடுங்கள். ஆன்டிபாடியை வைத்து அளக்கும் எலைசா, செல்களை ஒவ்வொன்றாக லேசரில் அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி இரண்டோடு, மரபணு வரிசைகளை அலசும் அளவுக்குப் பைத்தான் என்ற கணினி மொழியும் பழகட்டும்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது ஃப்ளோ சைட்டோமீட்டர் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். மாணவர்கள் அதைத் தாங்களே இயக்குகிறார்களா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் செய்முறை என்று மூன்றாமாண்டு மாணவர் ஒருவரிடமே விசாரியுங்கள்.