குசினிச் சாமான்: எதை முதலில் வாங்குவது?

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கேள்விகள் எல்லாம் சட்டி பானை, கத்தி, குக்கர் பற்றியவை. மலைநாட்டின் உயரம், குளிர், ஈரம் மூன்றையும் மனதில் வைத்தே பதில் சொல்லியிருக்கிறோம். கொழும்புக் குசினிக்குச் சொன்ன கணக்கு இங்கே பல இடங்களில் பிசகும்.

மகளைத் தனிக்குடித்தனம் வைக்கப் போகிறோம். கடையில் 24 சாமான் சேர்ந்த ‘செட்’ ஒன்றைக் காட்டுகிறார்கள். அதை எடுக்கலாமா? கையிலிருக்கும் காசு கொஞ்சம்தான்.
– தலவாக்கலை வாசகி

செட் வேண்டாம். அதில் அன்றாடம் அடுப்பேறுவது ஐந்தாறுதான். மிச்சமெல்லாம் தட்டில் தூசி பிடிக்கும். அந்தக் காசில் கனமான நல்ல சாமான் சிலவற்றைத் தனித்தனியாக வாங்குங்கள்.

முதல் காசு பிரஷர் குக்கருக்குப் போகட்டும். இருவருக்கு 3 லீற்றர் போதும். ஆனால் மாமனார் மாமியார், விருந்து என்று வருவதைப் பார்த்தால் 5 லீற்றரே புத்தி. அடுத்தது 18 முதல் 20 சென்ரிமீற்றர் அலகுள்ள ஒரு கத்தி, அதைத் தீட்ட ஒரு கல். மூன்றாவது, ரொட்டிக்கும் தோசைக்கும் ஒரே இரும்புக் கல். பிறகு அடி தடித்த தாச்சி ஒன்று, சோற்றுக்கு மூடியுள்ள பானை ஒன்று, மேசையில் திருகிப் பூட்டும் தேங்காய் துருவி, மரப்பலகை, இரண்டு அகப்பை, தேத்தண்ணி வடி, கேத்தல். இவ்வளவு இருந்தால் குடும்பம் நடத்தலாம்.

துருவி வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அடியில் இறப்பர் உறிஞ்சி வைத்தவை கண்ணாடி மேசையில், டைல்ஸில் நிற்கும்; மரப் பலகையிலும் சீமெந்துத் திண்ணையிலும் வழுக்கும். அதனால்தான் திருகிப் பூட்டுவதைச் சொன்னோம். மேசைப் பலகையின் தடிப்பை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

ஒட்டாத பூச்சுப் பூசிய தாச்சி முதல் சுற்றில் தேவையில்லை. விறகடுப்பின் சுவாலையில் வெறும் தாச்சி அளவுக்கு மிஞ்சிச் சூடேறிப் பூச்சு கெட்டுப்போகும்.

கொழும்பில் தங்கச்சி வீட்டில் நான்கு விசிலில் கடலை பூவாக வேகிறது. அதே கடலை, அதே குக்கர், எங்கள் வீட்டில் கல்லாக நிற்கிறது. குக்கர் பழுதா?
– நுவரெலியா வாசகி

குக்கரில் பழுதில்லை. நீங்கள் இருக்கும் உயரம்தான் காரணம்.

கடலோரத்தில் தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கிறது. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைவதால், ஏறக்குறைய 300 மீற்றருக்கு ஒரு பாகை வீதம் கொதிநிலை இறங்கும். நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே 94 பாகையிலேயே கொதி வந்துவிடும். ஹட்டனில் 96, பதுளையில் 98க்குக் கிட்ட. கொதி வந்தபின் எவ்வளவு விறகை அடுக்கினாலும் சூடு அதைத் தாண்டாது, தண்ணீர்தான் வற்றும். கடலை, பயறு, காராமணி, மாட்டிறைச்சி எல்லாம் திறந்த சட்டியில் இழுத்துக்கொண்டு நிற்பது இதனால்தான். மலைநாட்டில் குக்கரை முதல் சாமான் என்று சொல்வதற்கும் இதுவே காரணம்.

ஆனால் குக்கருக்குள்ளும் உயரத்தின் தாக்கம் கொஞ்சம் இருக்கும். மேலே வைக்கும் வெயிட், வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் ஒரு குறிப்பிட்ட அளவு அழுத்தத்தைத்தான் கூட்டும். நுவரெலியாவில் வெளிக்காற்றின் அழுத்தமே கடலோரத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் கொழும்புக் குக்கருக்குள் 120 பாகை என்றால் உங்கள் குக்கருக்குள் 117 பாகைதான். நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். அங்கே 15 நிமிடம் என்றால் இங்கே 18. ஹட்டன், கொட்டகலைப் பக்கம் 17 போதும்.

விசிலை எண்ணாதீர்கள், மணிக்கூட்டைப் பாருங்கள். தீ பெரிதாக இருந்தால் ஐந்து நிமிடத்தில் நான்கு விசில் வந்துவிடும், கடலை வெந்திருக்காது. முதல் விசில் வந்ததும் கேஸைக் குறைத்து, அங்கிருந்து நேரத்தை எண்ணுங்கள். விறகடுப்பு என்றால் எரியும் கட்டைகளை வெளியே இழுத்துவிட்டுத் தணலில் வையுங்கள். சுவாலை கைப்பிடியை நக்கினால் பிடி கருகி வெடிக்கும்.

ஊறவைப்பதிலும் குளிர் விளையாடும். கொழும்பில் 8 மணி நேரத்தில் ஊறுவது, இங்கே இரவுக் குளிரில் பாதிதான் ஊறும். கைபொறுக்கும் வெந்நீரில் போட்டு, 12 மணி நேரம் விடுங்கள். ஒரு கடலையைப் பிளந்து பாருங்கள்; நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் இன்னும் ஊற வேண்டும். புளி, தக்காளி இரண்டையும் வெந்தபின் சேருங்கள், புளிப்பு பட்டால் தோல் இறுகும். வருடக்கணக்கில் கிடந்த பழைய கடலை எந்தக் குக்கரிலும் மசியாது. அப்பச்சோடா போட்டால் மசியும். ஆனால் சவர்க்கார வாடை அடிக்கும், தயமின் என்ற விற்றமினும் அழியும்.

குக்கரில் விசிலே வருவதில்லை. மூடியின் ஓரமாக ஆவி போகிறது. புது மூடி வாங்க வேண்டுமா?
– பொகவந்தலாவை வாசகர்

மூடிக்குப் போவதற்கு முன் இறப்பர் வளையத்தைக் கழற்றிப் பாருங்கள். விரலால் வளைத்தால் வெடிப்புத் தெரிகிறதா, அல்லது விறைத்துப்போய்த் துவளாமல் நிற்கிறதா? இரண்டில் எதுவானாலும் வளையத்தை மாற்றுங்கள். உங்கள் குக்கரின் கம்பனி, லீற்றர் இரண்டும் பொருந்த வேண்டும். கடைக்குப் பழைய வளையத்தையே எடுத்துப் போங்கள். தொய்ந்து மட்டும் இருந்தால் பத்து நிமிடம் குளிர்ந்த தண்ணீரில் போட்டெடுத்துப் பூட்டிச் சில நாள் ஓட்டலாம். சமைத்து முடிந்ததும் வளையத்தைக் கழற்றிக் கழுவித் தனியே தொங்கவிட்டால் அதன் ஆயுள் கூடும். மூடிக்குள் விட்டுவைத்தால் பருப்பு நாற்றமும் ஏறும்.

வளையம் நன்றாக இருந்தால், வெயிட் உட்காரும் குழாயை வெளிச்சத்துக்குப் பிடித்து ஊடே பாருங்கள். மைசூர்ப் பருப்பின் நுரை காய்ந்து அடைத்திருக்கும். மெல்லிய ஈர்க்கால் குத்தி, மறுபக்கம் வெளிச்சம் தெரியும்வரை கழுவுங்கள். ஒவ்வொரு தடவையும் சமைக்குமுன் இதைப் பார்ப்பது நல்லது. பருப்பு வகை வைக்கும்போது குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், அரைக் கரண்டி எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். மற்றவை மூன்றில் இரண்டு பங்கு வரை போகலாம்.

பாதுகாப்பு வால்வு உருகியிருந்தால் தண்ணீர் வற்றியது அல்லது குழாய் அடைத்தது என்று அர்த்தம். அதே கம்பனியின் வால்வைத்தான் போட வேண்டும். ஆணியோ ஈயமோ வைத்து அடைத்த குக்கரை அடுப்பில் ஏற்றவே வேண்டாம். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

புது ரொட்டிக்கல்லில் ரொட்டி ஒட்டுகிறது. மழை தொடங்கியதும் துருவும் பிடித்துவிட்டது.
– மஸ்கெலியா வாசகி

கல்லைச் சரியாகப் பழக்கவில்லை. மஸ்கெலியா மழைக்கும் ஈரத்துக்கும் பழக்காத இரும்பு இரண்டு நாளில் சிவக்கும்.

தேங்காய்த் தும்பும் மணலும் போட்டுத் துருவைத் தேயுங்கள். போகாத இடத்தில் தேசிக்காய்ப் பாதியை உப்பில் தோய்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். துடைத்தால் மட்டும் போதாது, அடுப்பில் வைத்து ஈரம் முழுவதும் பறக்கும்வரை காயவிடுங்கள். இனி சூடான கல்லில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டுப் பழைய பருத்தித் துணியால் பூசுங்கள். பூசியபின், எண்ணெயே இல்லை என்று தோன்றும் அளவுக்குத் துடைத்தெடுக்க வேண்டும். பலரும் பிழைவிடும் இடம் இது. எண்ணெய் தேங்கினால் பிசின்போல் ஒட்டும் படலம்தான் கிடைக்கும். துடைத்தபின் புகை வந்து அடங்கும்வரை சூடாக்கி ஆறவிடுங்கள். இப்படி நான்கு தடவை. கல் கறுத்து மினுங்கும்.

இதற்குத் தேங்காய் எண்ணெய் சரிவராது. அது சூட்டில் இறுகிப் படலமாக மாறுவது மிகக் குறைவு. சூரியகாந்தி எண்ணெய் அல்லது சோயா எண்ணெய் எடுங்கள். பழக்கியபின் ரொட்டி சுடத் தேங்காய் எண்ணெய் தடவினால் கெடுதியில்லை.

ரொட்டியைப் போடுமுன் நாலு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். உருண்டு ஓடி மறைந்தால் சூடு சரி. தேங்கிக் கிடந்து கொதித்தால் பொறுங்கள். ஆறிய கல்லில் போட்ட மா ஒட்டத்தான் செய்யும். வேலை முடிந்ததும் கல்லை ஊறப்போடாமல், சூட்டோடு துடைத்து அடுப்புக்கு மேலே தொங்கவிடுங்கள்.

கோவாவும் லீக்ஸும் மெல்லிசாக அரிய முடியவில்லை. கத்தி புதிதுதான்.
– பண்டாரவளை வாசகி

கடையிலிருந்து வரும் கத்தியின் கூர் சில கிழமைக்குத்தான் நிற்கும். இரண்டு பக்கமுள்ள தீட்டுக்கல் ஒன்று வாங்கிப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவையுங்கள். கீழே ஈரத்துணி போட்டால் கல் நகராது. கத்தியின் முதுகு கல்லிலிருந்து ஒரு சுண்டுவிரல் தடிப்பு உயர்ந்திருக்கட்டும். கடைசிவரை அதே சாய்வு மாறக்கூடாது. கரடுப் பக்கத்தில், அலகின் அடியிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பாக இழுங்கள். பத்துப் பதினைந்து இழுப்புக்குப் பின், மறுபக்கத்தில் விரலை முதுகிலிருந்து விளிம்பை நோக்கி மெதுவாக வழித்தால் சொரசொரவென்று ஒரு பிசிர் தட்டும். அது முழு நீளத்துக்கும் வந்த பிறகே கத்தியைத் திருப்ப வேண்டும். பிறகு நைஸ் பக்கத்தில் அழுத்தமில்லாமல் மாறி மாறி ஐந்தைந்து இழுப்பு. தக்காளித் தோலில் அழுத்தாமல் வைத்து இழுத்தால் இறங்க வேண்டும்.

வீட்டில் கவ்வாத்துக் கத்தி தீட்டிப் பழகியவர்கள் இருந்தால் அவர்களிடம் கொடுங்கள். சாய்வு வேறானாலும் கை நிதானம் ஒன்றுதான். அவசரத்துக்குப் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் பளபளப்பில்லாத வளையத்தில் நாலு இழுப்பு இழுக்கலாம்.

இந்தக் கத்தியால் தேங்காய் உடைக்காதீர்கள், எலும்பு வெட்டாதீர்கள். அதற்கு மன்னாக் கத்தி இருக்கிறது. லீக்ஸை நீளவாக்கில் பிளந்து மடல் மடலாகக் கழுவியபின் அரியுங்கள். உள்ளே ஒளிந்திருக்கும் மண் உங்கள் கத்தியின் கூரையும் தின்னும்.

அம்மி இன்னும் தேவையா? பிளெண்டர் இருக்கிறது.
– ஹட்டன் வாசகர்

ரொட்டிக்குச் சம்பல் செய்யும் வீட்டில் தேவை. பிளெண்டர் வெட்டும், அம்மி நசுக்கும். செத்தல் மிளகாய், உப்பு, வெங்காயம், மாசி ஆகியவற்றை முதலில் அரைத்து, கடைசியில் தேங்காய்ப்பூவை இரண்டு இழுப்பு இழுத்தெடுத்தால் உதிரியாக, காரம் பிடித்து வரும். பிளெண்டரில் தண்ணீர் விடாமல் அது ஓடாது, தண்ணீர் விட்டால் சம்பல் சட்னியாகிவிடும்.

புது அம்மியானால் ஒரு பிடி பச்சரிசியையும் உப்பையும் அரைத்து வீசுங்கள். மூன்று நான்கு தடவையில் மா சாம்பல் நிறம் விட்டு வெள்ளையாக வரும். அதன்பிறகுதான் சமையலுக்கு.

தேங்காய்ப் பாலுக்குப் பிளெண்டரே நல்லது. குளிர்த் தண்ணீர் மட்டும் விடாதீர்கள், கொழுப்பு உறைந்து பூவிலேயே தங்கிவிடும். கைபொறுக்கும் சூட்டில் தண்ணீர் விட்டால்தான் முதற்பால் கட்டியாக இறங்கும்.

இடியப்ப உரலை இரண்டு பேர் சேர்ந்து அழுத்த வேண்டியிருக்கிறது.
– நானுஓயா வாசகி

மா வேகவில்லை. உங்கள் பக்கம் தண்ணீரின் கொதியே 94, 95 பாகைதான்; குளிர்ந்த சட்டியில் கிடக்கும் குளிர்ந்த மாவில் அதை விட்டால் நொடியில் இறங்கிவிடும். வறுத்த சிவப்பரிசி மா 2 கப் எடுத்துத் தாச்சியில் மறுபடி சூடுகாட்டி, சட்டியையும் வெந்நீரால் அலசித் துடையுங்கள். உப்பைச் சேர்த்து, கேத்தல் தளதளவென்று கொதிக்கும்போதே 1½ கப் விட்டு அகப்பைக் காம்பால் கிளறி, மூடி ஐந்து நிமிடம் வையுங்கள். போதாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொதிநீர் சேருங்கள். மா சூடாக இருக்கும்போதே பிழிய வேண்டும். ஆவியும் அதே 94 பாகைதான் என்பதால், கொழும்பில் 8 நிமிடம் என்றால் இங்கே 11, 12 ஆகும்.

மரப்பலகையில் கறுப்புப் புள்ளி வருகிறது. தேங்காய் எண்ணெய் போத்தலில் உறைந்து ஊற்ற முடியவில்லை.
– ஹப்புத்தளை வாசகி

புள்ளி பூஞ்சணம். கல்லுப்பும் தேசிக்காயும் போட்டுத் தேய்த்துக் கொதிநீர் ஊற்றுங்கள். பிறகு சுவரில் சாத்தாமல், இரு பக்கமும் காற்றுப்பட நிறுத்திக் காயவிடுங்கள். புள்ளி ஆழமாக ஊறியிருந்தால் அரத்தாளால் சுரண்டலாம், அதற்கும் போகாவிட்டால் பலகையை விறகாக்குங்கள். இறைச்சிக்கும் மீனுக்கும் வேறு பலகை வையுங்கள்.

தேங்காய் எண்ணெய் 24, 25 பாகைக்குக் கீழே உறையும்; கெட்டுப்போகவில்லை. வாங்கியதும் வாயகன்ற கண்ணாடிப் போத்தலுக்கு மாற்றிவிடுங்கள், கரண்டியால் அள்ளலாம். உறைந்தபின் மாற்றுவதானால் போத்தலை வெந்நீர்ச் சட்டியில் பத்து நிமிடம் நிறுத்தி வையுங்கள். அடுப்பில் நேரே வைக்க வேண்டாம்.