‘டிஸ்கஸ் அபௌட்’ தப்பா, சார்?

கேள்வி: ‘வீ டிஸ்கஸ்டு அபௌட் தி பட்ஜெட்’ என்று மெயில் எழுதினேன். மேனேஜர் ‘அபௌட்’டை அடித்துவிட்டார். ஏன்?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: அவர் செய்தது சரிதான் அம்மா. தமிழில் ‘பட்ஜெட்டைப் பற்றிப் பேசினோம்’ என்கிறோம் இல்லையா, அந்தப் ‘பற்றி’தான் ‘அபௌட்’டாக வந்து ஒட்டிக்கொள்கிறது. ‘டாக்’ என்றால் ‘அபௌட்’ வேண்டும். ‘டிஸ்கஸ்’ என்றால் வேண்டாம். அதையே ‘டிஸ்கஷன்’ என்று பெயர்ச்சொல்லாக்கினால் ‘அபௌட்’ திரும்பி வந்துவிடும். வேடிக்கைதான்!

அப்புறம், ‘மேரீடு வித்’. ‘அவரோடு கல்யாணம்’ என்ற நினைப்பில் வருவது. ‘ஷி மேரீடு எ டாக்டர்’ போதும். நடுவில் ‘ஈஸ்’ போட்டால் ‘மேரீடு டு’. முப்பது வருஷம் ஆங்கிலம் நடத்திய நானே போன மாதம் ஒரு கடிதத்தில் ‘வித்’ போட்டுவிட்டேன். பேத்தி சிவப்பு மையில் சுழித்துத் தந்தாள்.