மாடிப் படியில் யாத்ரீகர் விழுந்தால் வீட்டு இன்சூரன்ஸ் கைகொடுக்குமா?

கேள்வி: தங்கச்சிமடத்தில் சொந்தமாக மாடி வீடு இருக்கிறது. வங்கிக் கடனோடு ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசியும் போட்டிருக்கிறோம். ஆடி, தை அமாவாசை சமயத்தில் மாடி அறைகள் இரண்டை ராமேஸ்வரம் வருபவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறோம். கொல்லையில் மைத்துனரின் படகு இன்ஜினும் வலைகளும் கிடக்கின்றன. வந்தவர் யாராவது வழுக்கி விழுந்து நஷ்டஈடு கேட்டால் இன்சூரன்ஸ் தருமா?

பதில்: இப்போது இருக்கும் பாலிசியில் தராது. 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள இந்தப் பாலிசி, புயல், வெள்ளம், தீ, சுனாமி போன்றவற்றால் உங்கள் கட்டடத்துக்கும் வீட்டுப் பொருட்களுக்கும் வரும் சேதத்துக்கு மட்டும்தான். அடுத்தவருக்கு நீங்கள் கொடுக்க வேண்டிய நஷ்டஈட்டுக்கு ‘தேர்டு பார்ட்டி லயபிலிட்டி’ பிரிவு தனியாக வேண்டும்.

அதை வாங்கினாலும் சிக்கல் தீராது. தொழில் சம்பந்தமான பொறுப்பை இந்தப் பிரிவு பொதுவாக விலக்கிவிடும். நாள் வாடகை வாங்கிய அன்று உங்கள் மாடி, நிறுவனத்தின் பார்வையில் லாட்ஜ். வருஷத்தில் பத்து நாள்தானே என்ற வாதம் எடுபடாது. பாலிசி கேட்டு நிரப்பித் தரும் புரபோசல் படிவத்திலேயே வாடகை விவரத்தை எழுதுங்கள். நிறுவனம் மறுத்தால் தங்கும் விடுதிகளுக்கான பப்ளிக் லயபிலிட்டி பாலிசி கேளுங்கள். வாடகையே வாங்காமல் வந்த விருந்தாளி விழுந்தால் கதை வேறு, அதற்குத்தான் இந்தப் பிரிவு. உங்கள் குடும்பத்தார் விழுந்தால் கிடையாது.

மைத்துனரின் இன்ஜின் உங்கள் பொறுப்பில் இருக்கும் பிறர் பொருள். தீப்பிடித்து எரிந்தால் அவருக்கு நீங்கள் தரும் பணமும் விலக்கில் போகும். அவரே இன்சூர் செய்வதுதான் வழி. இன்ஜினில் பெட்ரோல் மிச்சம் இருந்தால் முதலில் அதை வடித்துவிடச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: தென்னை. புயலில் நல்ல மரம் சாய்ந்து பக்கத்து வீட்டுக் கார் நசுங்கினால், உங்கள் கவனக்குறைவு இல்லாதவரை சட்டப்படி பொறுப்பு வருவது கடினம். அவர் தன் கார் பாலிசியில்தான் கேட்க வேண்டும். ஆனால் பட்டுப்போன மரத்தை வெட்டச் சொல்லி அவர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தால் நிலைமை தலைகீழ். தெரிந்தே விட்ட ஆபத்து என்று நிறுவனமும் கிளெய்மை இழுத்தடிக்கும்.

விபத்து நடந்துவிட்டால் இரக்கப்பட்டு, ‘தப்பு எங்கள் மேல்தான், செலவை நாங்கள் தருகிறோம்’ என்று எழுதிக் கொடுக்காதீர்கள். நிறுவனத்தின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஏற்றால் கிளெய்மை மறுக்க அதுவே காரணமாகும். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதில் தவறில்லை. படியைப் போட்டோ எடுத்து, அன்றே நிறுவனத்துக்கு மெயில் அனுப்புங்கள்.