பென்ரித் எந்த மாவட்டத்தில் இருக்கிறது? அங்கே நிர்வாகம் யார் கையில்?

வடமேற்கு இங்கிலாந்திலுள்ள பென்ரித்தில் வேலை கிடைத்திருப்பதாகவும், சில ஆவணங்களில் ஈடன் மாவட்டம் என்றும் சிலவற்றில் கம்ப்ரியா என்றும் வேறு சிலவற்றில் வெஸ்ட்மோர்லண்டு என்றும் இருப்பதால் குழம்பியிருப்பதாகவும், அங்கே மாவட்ட ஆட்சியர் போன்ற அதிகாரி யார் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்த வட்டாரத்துக்கு வரும் நம்மவர்களில் பலர் மருத்துவமனைப் பணிக்கோ முதியோர் பராமரிப்புப் பணிக்கோ வருபவர்கள் என்பதால், நீங்களும் அப்படிக் குடும்பத்தோடு வரப்போகிறவர் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஈடன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் கிழக்கே, கிராஸ் ஃபெல் மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில் பல ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன்.

முதலில் நேரான பதில். ஈடன் மாவட்ட மன்றம் 1974 ஏப்ரல் 1 அன்று தோன்றி, 2023 மார்ச் 31 அன்று முடிந்துபோனது. மறுநாள் முதல், தெற்கே இருந்த சவுத் லேக்லண்டு, கடலோரத்து பாரோ ஆகிய மாவட்டங்களோடு சேர்ந்து, வெஸ்ட்மோர்லண்டு அண்ட் ஃபர்னஸ் என்ற ஒரே கவுன்சில் ஆகிவிட்டது. உங்கள் கவுன்சில் வரி (வீட்டுக்கான உள்ளாட்சி வரி) ரசீதில் வரப்போவது அந்தப் பெயர்தான். மாவட்டங்களுக்கு மேலடுக்காக இருந்த கம்ப்ரியா கவுன்ட்டி கவுன்சிலும் அதே நாளில் கலைக்கப்பட்டது. ஆனால் மன்னரின் பிரதிநிதியான லார்டு லெப்டினன்ட் பதவிக்கும், காவல் துறைக்கும் கம்ப்ரியா என்ற எல்லை இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆட்சியர் என்று ஒருவர் கிடையாது. அரசு மேலிருந்து ஓர் அதிகாரியை அனுப்பி மாவட்டத்தை ஆள்வதில்லை. மக்கள் தேர்ந்தெடுத்த கவுன்சிலர்களே தலைமை நிர்வாகியைச் சம்பளத்துக்கு அமர்த்துகிறார்கள். லார்டு லெப்டினன்ட்டை ஆட்சியர் என்று எண்ணி மனு எழுதிவிடாதீர்கள். அது முழுக்கச் சடங்குப் பதவி.

இங்கிலாந்தில் இருபது ஆண்டுகள் இருந்தவர்கள் சிலர் ‘இதெல்லாம் இவ்வளவு சிக்கலில்லை’ என்று கீழே எழுதக்கூடும். அவர்களில் பெரும்பாலோர் லண்டனிலோ லெஸ்டரிலோ இருப்பவர்கள். ஈடன் 2,100 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பு. அதில் இருந்தவர்கள் சுமார் 55,000 பேர். சதுர கிலோமீட்டருக்கு 25 பேர்தான் வருகிறது; இங்கிலாந்திலேயே மக்கள் அடர்த்தி மிகக் குறைந்த மாவட்டமாக அது இருந்தது. ஆள் குறைவாகவும் மலை அதிகமாகவும் உள்ள இடத்தில் ‘இது எந்த அலுவலகத்தின் வேலை’ என்ற கேள்வி எப்படிக் கழுத்தை இறுக்கும் என்பது நகரத்தில் இருந்து பார்த்தால் தெரியாது.

கீழே மாவட்டம், மேலே கவுன்ட்டி என்று பழைய ஈரடுக்கு முறை இருந்த காலத்தில் எங்கள் ஊரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மலைமேலிருந்து எங்கள் பக்கம் இறங்கி அடிக்கும் காற்றுக்கு ஹெல்ம் என்று பெயர். பிரிட்டனில் தனிப்பெயர் பெற்ற ஒரே காற்று அதுதான் என்பார்கள். அது அடித்த ஒரு குளிர்காலத்தில், ஊருக்குள் ஏறும் செங்குத்தான வளைவு கண்ணாடிபோல் உறைந்துவிட்டது. குப்பை வண்டி கீழேயே நின்று திரும்பிப் போயிற்று. குப்பை எடுப்பது மாவட்ட மன்றத்தின் பொறுப்பு. வழுக்கும் சாலைக்கு உப்புத் தூவுவது கவுன்ட்டியின் பொறுப்பு. எடுத்த குப்பையை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பது மறுபடியும் கவுன்ட்டியின் பொறுப்பு. இதில் யாரும் கடமை தவறவில்லை என்பதை அழுத்திச் சொல்கிறேன். உப்பு லாரி முதலில் பெரிய சாலைகளுக்குத்தான் போகும். முப்பது வீடுள்ள சந்துக்கு அது வராதது நியாயமே.

வழி கண்டது மூன்றாவது அடுக்கான பாரிஷ் கவுன்சில், அதாவது ஊர் அளவிலான சிறு மன்றம். ஊர்ப் பொதுக்கூடத்தில், கோட்டுகளைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்த ஐந்தாறு பேரும், பகுதிநேரச் சம்பளம் வாங்கும் ஒரே ஊழியரான எழுத்தரும், வளைவில் மஞ்சள் உப்புப் பெட்டி ஒன்று வைப்பதைப் பற்றி ஒரு மணி நேரத்துக்கு மேல் விவாதித்தார்கள். பெட்டியின் விலை, அதை நிரப்புவது யார், பக்கத்து நிலத்துக்காரர் தன் முற்றத்துக்கு அள்ளிக்கொண்டு போனால் என்ன செய்வது என்று எதையும் விடவில்லை. பெட்டி வந்தது. உள்ளே செம்பழுப்பு நிறக் கல்லுப்பு, ஈரம்பட்டுக் கட்டி தட்டிப்போயிருக்கும். மண்வெட்டியின் முனையால் குத்தி உடைத்துத்தான் அள்ள வேண்டும். அந்தப் பெட்டிக்கான காசு, கவுன்சில் வரியோடு சேர்த்து வசூலிக்கப்படும் பாரிஷின் சிறு பங்கிலிருந்து வந்தது. வரியை வசூலித்தது மாவட்டம். அதில் பெரும்பகுதி போனது கவுன்ட்டிக்கு. ஆனால் என் கண்ணுக்குத் தெரிந்த செலவு அந்த மஞ்சள் பெட்டி. பாரிஷ் கவுன்சில்கள் 2023க்குப் பிறகும் அப்படியே நீடிக்கின்றன. வாக்காளர்கள் மிகக் குறைவான சிற்றூர்களில் கவுன்சில்கூட இல்லாமல், ஊரார் கூடிப் பேசும் பாரிஷ் கூட்டம் மட்டுமே இருப்பதுண்டு.

இரண்டு அடுக்கை ஒன்றாக்கியது சரியென்றே நினைக்கிறேன். கோடு போட்ட விதம்தான் எனக்கு ஒப்பவில்லை. இதைச் சொன்னால் பழைமைவாதி என்பார்கள், சொல்லட்டும். பென்ரித்துக்குத் தெற்கே ஓடும் ஈமண்ட் ஆறுதான் பழைய கவுன்ட்டிகளான கம்பர்லண்டுக்கும் வெஸ்ட்மோர்லண்டுக்கும் தொன்றுதொட்ட எல்லை. ஆகவே பென்ரித் வரலாற்றின்படி கம்பர்லண்டு ஊர். மேற்கிலும் வடக்கிலும் இருந்த மூன்று மாவட்டங்களைச் சேர்த்து 2023இல் கம்பர்லண்டு என்றே ஒரு கவுன்சில் உண்டாக்கினார்கள். பென்ரித் அதில் இல்லை, பெயரிலேயே வெஸ்ட்மோர்லண்டு உள்ள கவுன்சிலில் இருக்கிறது. மாலர்ஸ்டாங் மேட்டில் பிறக்கும் ஈடன் ஆறு ஆப்பிள்பி ஊரைத் தொட்டு வடக்கே கார்லைல் நகருக்குப் போகிறது. எங்கள் பெரிய மருத்துவமனையும் அஞ்சல் குறியீடும் கார்லைலைச் சேர்ந்தவை. கவுன்சிலின் தலைமையிடமோ தெற்கே, ஷாப் மலையைத் தாண்டிக் கெண்டலில். பென்ரித்திலும் அலுவலகம் உண்டு என்பதை மறைக்கவில்லை. ஆனால் வடகிழக்கு மூலையிலுள்ள ஆல்ஸ்டனை நினைத்துப் பாருங்கள். அந்த ஊர்த் தண்ணீர் சவுத் டைன் ஆற்றில் விழுந்து நியூகாசில் பக்கம் போகிறது. அங்கிருந்து பென்ரித்துக்கு வரவே 580 மீட்டர் உயரமுள்ள ஹார்ட்சைடு கணவாயைக் கடக்க வேண்டும். பனி கொட்டினால் அது மூடப்படும். அந்த ஆல்ஸ்டனும், காரில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத் தொலைவில் நீர்மூழ்கிக் கப்பல் கட்டும் பாரோவும் இன்று ஒரே கவுன்சில்.

பெயர்க் குழப்பத்தில் நீங்கள் படப்போகும் பாடு கவுன்சிலிடம் இருக்காது, தனியார் நிறுவனங்களிடம்தான் இருக்கும். ஒரு காப்பீட்டு நிறுவனம், என் வரி ரசீதில் கம்ப்ரியா என்று இல்லாததால் முகவரிச் சான்று பொருந்தவில்லை என்று திரும்பத் திரும்பக் கடிதம் போட்டது. அந்தக் கடிதங்கள் எல்லாம் அதே முகவரிக்குத் தவறாமல் வந்து சேர்ந்தன என்பதை அவர்களுக்கு விளக்கவே முடியவில்லை. அஞ்சல் துறைக்குக் கவுன்ட்டியின் பெயரே தேவையில்லை, குறியீடு போதும்.

வீடு வாங்கும் எண்ணம் இருந்தால், கவுன்சிலைவிடத் தேசியப் பூங்காவின் எல்லையைப் பாருங்கள். அல்ஸ்வாட்டர் ஏரிப் பக்கம் லேக் டிஸ்ட்ரிக்ட் பூங்காவுக்குள் வரும். 2016இல் எல்லைகளை விரித்தபோது மாலர்ஸ்டாங் போன்ற வெஸ்ட்மோர்லண்டுப் பகுதிகள் யார்க்ஷயர் டேல்ஸ் பூங்காவுக்குள் போய்விட்டன. பூங்காவுக்குள் இருக்கும் வீட்டுக்குக் குப்பை எடுப்பது கவுன்சில். ஒரு முன்னறை கூடுதலாகக் கட்ட அனுமதி தருவது பூங்கா ஆணையம். பென்ரித் நகரம் இரண்டுக்கும் வெளியே இருப்பதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்றையும் வந்தவுடன் செய்யுங்கள். இந்தியக் குடிமக்களும் இலங்கைக் குடிமக்களும் காமன்வெல்த் நாட்டவர் என்பதால், முறையான விசாவோடு இங்கே குடியிருக்கும்போதே வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். பிரிட்டிஷ் குடியுரிமைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கவுன்சில் தேர்தலுக்கு மட்டுமன்று, நாடாளுமன்றத் தேர்தலுக்கும் இது பொருந்தும். படிவத்தில் கவுன்ட்டியின் பெயரை நீங்கள் எழுத வேண்டியதுமில்லை, அஞ்சல் குறியீட்டைக் கொடுத்தாலே எந்தக் கவுன்சில் என்பதை அது கண்டுகொள்ளும்.