மதிப்பீடு குறைந்தால் உயர்த்தச் சொல்லலாமா?

வீட்டுக் கடனுக்காக வங்கியின் மதிப்பீட்டாளர் சொல்லும் மதிப்பு, நீங்கள் வீட்டுக்குப் பேசி முடித்த விலையைவிடக் குறைவாக இருந்தால், அந்த விலைக்கு ஈடாக உயர்த்தித் தரும்படி அவரிடம் கேட்கக் கூடாது. தவறான தகவலைத் திருத்தும்படி, அதுவும் வங்கி வழியாக, கேட்கலாம். குறிப்பிட்ட நாளில் அந்த வீடு சந்தையில் என்ன விலை பெறும் என்பதைச் சார்பின்றிச் சொல்வதே அவருடைய பொறுப்பு. கையெழுத்திட்ட தொகைக்கு அவரே பதில் சொல்ல வேண்டும்.

மதிப்பு குறைவதற்குப் பெரும்பாலும், ஒப்பிட எடுத்த மற்ற வீடுகளின் விற்பனைகளே காரணமாக இருக்கும். அறிக்கையில் அந்தப் பக்கத்தை எடுத்து, ஒவ்வொன்றின் விற்பனைத் தேதி, பரப்பளவு, கட்டடத்தின் வயது ஆகியவற்றைப் பாருங்கள். உங்கள் வீட்டின் அளவையும் வரைபடத்தோடு ஒத்துப் பாருங்கள். மாடியறை ஒன்று முழுதாக விடுபட்டிருந்ததை நானே கண்டிருக்கிறேன்.

பிழை இருந்தால் ஆதாரத்துடன் எழுதுங்கள். ஆனால், விற்பவர் சமையலறையைப் புதுப்பிக்கச் செலவிட்ட தொகை அப்படியே மதிப்பில் ஏறிவிடாது.