பட்டடைக்கு முன்னால் சுத்தியல்: பெங்களூருவில் இரும்படிக்கப் பழகுகிறவர்களின் கேள்விகள்

கேள்வி (ஹொரமாவு): ஐ.டி. வேலை, வாடகை வீடு. சனி, ஞாயிறுகளில் கொல்லர் வேலை பழக ஆசை. இரும்பை வைத்து அடிக்கும் பட்டடை, உலை, குறடு எதுவும் இங்கே கடைகளில் கிடைக்கவில்லை. ஆன்லைனில் எல்லாம் சேர்ந்த ஒரு 'செட்' விற்கிறார்கள். பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவர் ரயில் தண்டவாளத் துண்டு தருகிறேன் என்கிறார். எதை வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம்.

சிக்கல் தண்டவாளத்தில்தான் அதிகம், அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். யூடியூபில் எல்லோரும் காட்டுவது அதைத்தான். இரும்பும் நல்ல இரும்புதான். ஆனால் ரயில்வே கழித்த தண்டவாளம் பெரிய பெரிய லாட்டாக ஏலத்தில் போகிற சரக்கு. அதில் ஒரு அடித் துண்டு காயலான் கடைக்கு எந்த வழியாக வந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பது பற்றி 1966-ல் வந்த சட்டம் ஒன்று இருக்கிறது. திருட்டுப் பொருளோ என்று சந்தேகிக்க நியாயம் இருந்தால், முறையாக வாங்கியதுதான் என்று காட்ட வேண்டிய பொறுப்பு கையில் வைத்திருப்பவர் தலையில் விழும். தண்டனை ஐந்து ஆண்டு வரை. ஜி.எஸ்.டி. பில் போட்டு, ஏலத்தில் எடுத்த சரக்கு என்பதற்கான காகிதத்தையும் காட்டினால் வாங்குங்கள். "பில்லெல்லாம் எதுக்கு சார்?" என்றால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். வாங்கினாலும் படுக்கவைத்து அடிக்காதீர்கள். தண்டவாளத்தின் நடுத்தண்டு மெல்லியது, அடி வீணாக அதிரும். செங்குத்தாக நிறுத்தி, வெட்டுமுகத்தின் மேல் அடிக்க வேண்டும்.

ஆன்லைன் செட்டில் வருகிற பட்டடை பெரும்பாலும் வார்ப்பிரும்பு. கொம்பு, ஓட்டை எல்லாம் அழகாக இருக்கும், பச்சைப் பெயின்ட் பளபளக்கும். ஓரத்தில் ஓங்கி ஓர் அடி விழுந்தால் பெயர்ந்து வந்துவிடும். நேரில் வாங்குவதாக இருந்தால் பையில் ஒரு பேரிங் குண்டும் சின்ன அரமும் கொண்டுபோங்கள். குண்டை ஒரு சாண் உயரத்திலிருந்து பட்டடை முகத்தின் மேல் விடுங்கள். நல்ல எஃகு என்றால் பாதி உயரத்துக்கு மேல் துள்ளி வரும். வார்ப்பிரும்பில் சோர்ந்து உட்காரும். அடிப்பக்கத்தில் பெயின்டைச் சுரண்டி அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தால், எஃகு மினுக்கும் துகளாக உதிரும். வார்ப்பிரும்பு கரும்பொடியாகக் கையில் ஒட்டும்.

சரி, எதில்தான் அடிப்பது? கொல்லர் சாமான் என்று பலகை மாட்டிய கடை நம் ஊரில் இல்லாமல் இருக்கலாம். அதே சாமான் வேறு தொழில்களின் கடைகளில் கிடக்கிறது. பீன்யா தொழிற்பேட்டையில் லேத் பட்டறைகளுக்கு இரும்பு விற்பவர்களிடம் போய் 'இஎன்8 கட் பீஸ்' என்று கேளுங்கள். இஎன்8 என்பது ஒரு எஃகு ரகம். 100 மி.மீ. சதுரம், 300 மி.மீ. நீளம் என்றால் சுமார் 23.5 கிலோ வரும். அன்றைய கிலோ விலை, அறுப்புக் கூலி, 18% ஜி.எஸ்.டி. மூன்றையும் சேர்த்து என்ன ஆகும் என்று எடை போடும் முன்பே கேட்டுவிடுங்கள். அதை ஒரு மரக்கட்டையிலோ, மணல் நிரப்பிய டிரம்மிலோ நட்டுவைத்தால் தொடக்கத்துக்குத் தாராளம். மணல் சத்தத்தையும் கொஞ்சம் விழுங்கும். பெங்களூரு வாடகை வீட்டில் அதுதான் முக்கியம். மொட்டை மாடியில் அடித்தால் கீழ் வீட்டுக்காரர் தலையிலேயே அடித்த மாதிரி. தரைத்தள முற்றம் கிடைக்குமா என்று பாருங்கள்.

காசை முதலில் சுத்தியலில் போடுங்கள். ஹார்டுவேர் கடைகளில் இன்னும் பவுண்டு கணக்குதான். இரண்டு பவுண்டு போதும். கனமாக வாங்கினால் மணிக்கட்டு ஒரு மணி நேரத்தில் பேசும். கைப்பிடியை நுனிப்பக்கம் பாருங்கள், மரத்தின் ரேகை தலையின் நீளவாக்கிலேயே ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் அது உடையும் பிடி. புதுச் சுத்தியலின் முகத்து ஓரம் கூர்மையாக இருக்கும், சூடேறிய இரும்பில் பிறை பிறையாகத் தழும்பு போடும். அரத்தால் அந்த ஓரத்தை மழுக்கிவிட்டு அடியுங்கள்.

குறடு இப்போது தேவையே இல்லை. கம்பியை இரண்டடி நீளமாக வைத்துக்கொண்டால் மறுமுனையைக் கையால் பிடித்துக்கொள்ளலாம். உலைக்கு குஜரிக் கடையில், அதாவது காயலான் கடையில், பழைய பிரேக் டிரம் ஒன்று, கையால் சுற்றும் சின்ன ப்ளோவர் ஒன்று. பாதுகாப்புக் கண்ணாடி, பருத்தி உடை, மூடிய ஷூ மூன்றிலும் பேரம் கிடையாது.

கேள்வி (கே.ஆர்.புரம்): 'ஃபோர்ஜ்டு ஸ்டீல்' என்று போட்டிருந்த பட்டடையை ஆன்லைனில் வாங்கினேன். சில நாளிலேயே கொம்பு நுனி உடைந்துவிட்டது. "பயன்படுத்திய பொருள், திரும்ப எடுக்க மாட்டோம்" என்கிறார்கள்.

பதில்: பட்டடையை அடிக்காமல் பூஜையறையிலா வைப்பார்கள்? உடைந்த முகத்தைக் கிட்டத்தில் படம் எடுங்கள். சாம்பல் நிறத்தில் மணல் மணலாகத் தெரிந்தால் அது வார்ப்பிரும்பு என்பதற்கு நல்ல அடையாளம். விற்பனைப் பக்கத்தை அவர்கள் திருத்துவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். பொருள் குறையுள்ளது என்றாலோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லை என்றாலோ விற்பவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-ன் மின்வணிக விதிகள் சொல்கின்றன. இதைக் குறிப்பிட்டு எழுத்தில் புகார் அனுப்புங்கள், போனில் பேசி நேரத்தை ஓட்டாதீர்கள். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்பவர் எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை.

கேள்வி (மடிவாளா): சின்ன கேஸ் உலைக்கு வீட்டு சிலிண்டரை மாட்டலாமா? கரி என்று தேடினால் சூப்பர் மார்க்கெட்டில் பார்பிக்யூ கரிதான் இருக்கிறது, விலை கட்டுப்படியாகவில்லை.

பதில்: 14.2 கிலோ வீட்டு சிலிண்டர் சமையலுக்கு மட்டும். வேறு எதற்குப் பயன்படுத்தினாலும் விதிமீறல். 19 கிலோ வணிக சிலிண்டரோ, முகவரிச் சான்று கேட்காமல் விற்கும் 5 கிலோ சிலிண்டரோ வாங்குங்கள். அடுப்பு ரெகுலேட்டர் உலைக்கு உதவாது. ஹை பிரஷர் ரெகுலேட்டரும் அதற்கேற்ற ஹோஸும் தனியாக வேண்டும். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: 5 கிலோ சிலிண்டரில் தொடர்ந்து இழுத்தால் சிலிண்டர் உடம்பெல்லாம் குளிர்ந்து பனி பூக்கும், அழுத்தம் இறங்கும், தீ சுணங்கும். கேஸ் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

என்னைக் கேட்டால் முதல் ஆறு மாதம் கரியே போதும். உங்கள் தெருவில் இஸ்திரி வண்டிக்காரர் இன்னும் கரிப்பெட்டி வைத்திருந்தால், மூட்டை எங்கே எடுக்கிறார் என்று அவரிடம் கேளுங்கள். அங்கே கிடைப்பது சாதாரண மரக்கரி, உலைக்கு அதுதான் வேண்டும். மூட்டைக்குள் கையை விட்டுப் பாருங்கள்: ஈரமா, அடியில் தூள் எவ்வளவு, கட்டி எவ்வளவு. ஈரக்கரிக்குக் கொடுக்கும் காசில் பாதி தண்ணீருக்குப் போகிறது. எந்த உலையானாலும் திறந்த வெளியில்தான். கரிப்புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

கேள்வி (கம்மனஹள்ளி): வீடு கட்டி மிச்சமான டி.எம்.டி. கம்பியும் பழைய ஜி.ஐ. பைப்பும் இருக்கின்றன. இவற்றில் கத்தி அடிக்க முடியுமா?

பதில்: ஜி.ஐ. பைப்பை உலைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அதன் துத்தநாகப் பூச்சு சுமார் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும், உலைச்சூடு அதைத் தாண்டிப் போகும். அந்தப் புகையை இழுத்தால் சில மணி நேரத்தில் நடுக்கமும் காய்ச்சலும் வரும்.

டி.எம்.டி. கம்பி பழகிப் பார்க்க நல்லது. கொக்கி, ஆணி, அடுப்புக் கிளறி செய்யலாம். கத்திக்கு ஆகாது. கரிமம் குறைவு, எப்படிப் பதம் போட்டாலும் கூர் நிற்காது. ஊரில் அருவாளுக்கு லாரிப் பட்டையை, அதாவது லாரியின் ஸ்பிரிங் பட்டையை, தேடுவது இதனால்தான். லாரி பட்டை மாற்றும் பட்டறைகளில் கேட்டால் எடைக்குத் தருவார்கள். ஆனால் ஓடித் தேய்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம், முடிந்தால் புதுப் பட்டையில் வெட்டி விழுந்த துண்டாகக் கேளுங்கள்.

பதம் போடும்போது, அதாவது எஃகைக் கெட்டியாக்கும்போது, காந்தம் ஒட்டாத சூடு வந்ததும் இன்னும் கொஞ்சம் ஏற்றி, வெதுவெதுப்பான சமையல் எண்ணெயில் தோயுங்கள். தண்ணீரில் விட்டால் பட்டை இரும்பு விரிசல் விட வாய்ப்பு அதிகம். ஆறியதும் கண்ணாடி மாதிரி நொறுங்கும் நிலையில் இருக்கும், கீழே போட்டுவிடாதீர்கள். துடைத்துவிட்டு உடனே ஓ.டி.ஜி. எனும் சின்ன மின்சார அடுப்பில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம். எண்ணெய் வாடை நாலு நாளைக்குப் போகாது, அதனால் வீட்டில் கேட்டுவிட்டு வையுங்கள்.